ஒரே முதலாளியின் இரண்டு பூங்காக்கள்: போட்டி எங்கே நடக்கிறது?

ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான இரண்டு தீம் பார்க்குகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவா என்று கேட்டால், கணக்குப் புத்தகம் ‘இல்லை’ என்றே சொல்லும். எந்த வாசலில் டிக்கெட் வாங்கினாலும் பணம் ஒரே கல்லாவில்தான் விழுகிறது. ஆனால் பூங்காவுக்குப் போகிறவர் பணத்தை மட்டும் செலவழிப்பதில்லை. ஒரு முழு நாளையும் செலவழிக்கிறார். ஒரு பூங்காவில் கழித்த சனிக்கிழமையை இன்னொன்றில் கழிக்க முடியாது. முதலாளியின் முதலீடும் அப்படித்தான். ஒரு பெரிய ரோலர் கோஸ்டருக்கு 2 கோடி, 3 கோடி டாலர் ஆகிறது. அது ஒரு பூங்காவுக்குப் போனால் அந்த ஆண்டு மற்றப் பூங்கா காத்திருக்க வேண்டியதுதான். எனவே உடன்பிறந்த பூங்காக்களுக்கு இடையே நடப்பது விருந்தினரின் நாளுக்கும் உரிமையாளரின் முதலுக்குமான போட்டி. முதலாவது போட்டி, பூங்காக்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். இரண்டாவதற்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

நாளுக்கான போட்டியை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு. மேஜிக் கிங்டம் 1971-லும், எப்காட் 1982-லும், டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் 1989-லும் திறக்கப்பட்டன. நான்காவதான அனிமல் கிங்டம் 1998 ஏப்ரல் 22 அன்று வந்தது. பூங்கா வாரியான வருகைக் கணக்கை டிஸ்னி வெளியிடுவதில்லை. தொழில்துறை இதழ்களின் மதிப்பீடுகளே கையில் உள்ளவை. அவற்றின்படி 1997-இல் மேஜிக் கிங்டத்துக்குச் சுமார் 1.7 கோடிப் பேரும், எப்காட்டுக்கு 1.18 கோடிப் பேரும், ஸ்டூடியோஸுக்கு 1.05 கோடிப் பேரும் வந்தனர். அடுத்த ஆண்டில் இவை முறையே 1.56 கோடி, 1.06 கோடி, 95 லட்சம் என்று இறங்கின. மூன்று அக்காமாரும் சேர்ந்து இழந்தது ஏறக்குறைய 36 லட்சம் வருகைகள். புதிய தங்கைக்குக் கிடைத்தது 60 லட்சம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தால், புதிய பூங்காவின் கூட்டத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இடம் மாறிய கூட்டம். முழு வளாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஆண்டில் 24 லட்சம் வருகைகள் கூடியிருக்கின்றன. டிஸ்னிக்கு முக்கியமானது இந்த இரண்டாவது கணக்கு. ஃபுளோரிடாவுக்கு விடுமுறையில் வரும் குடும்பத்துக்கு நாட்கள் எண்ணிக் கொடுத்தவை. அவற்றில் ஒன்றிரண்டு யுனிவர்சலுக்கோ சீ வேர்ல்டுக்கோ போய்விடக்கூடும். டிஸ்னியின் எல்லைக்குள்ளேயே இன்னொரு நாளைக் கழிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அந்தக் குடும்பம் டிஸ்னி ஹோட்டலில் இன்னோர் இரவு தங்கும். டிஸ்னியின் உணவகத்திலேயே இரவுச் சாப்பாடும் நடக்கும். எனவே நான்காவது பூங்காவின் உண்மையான எதிராளிகள் அதன் அக்காமார் அல்ல, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த அயலார்.

டிக்கெட் விலையிலும் இந்த எண்ணம் பதிந்திருக்கிறது. 2005-இல் டிஸ்னி கொண்டுவந்த முறையில் முதல் சில நாட்களுக்கு முழு விலை. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு நாளுக்கும் சில டாலர்களே கூடுதல். ஒரே நாளில் பூங்கா விட்டுப் பூங்கா மாற விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம். ஐந்தாம் நாள் ஏறக்குறைய இலவசம் என்று ஆன பிறகு, அந்த நாளுக்கு அயல் பூங்காவில் முழு விலை கொடுக்க யாருக்கும் கை தயங்கும். உடன்பிறந்த பூங்காக்கள் தங்களுக்குள் விலைப்போர் நடத்தாமல், ஒன்றாகச் சேர்ந்து வெளியாருக்கு எதிராக நடத்தும் விலைப்போர் இது.

யுனிவர்சல் இதற்குக் கண்ட வழி இன்னும் நுட்பமானது. அதன் முதல் ஆர்லாண்டோ பூங்காவான யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃபுளோரிடா 1990-இல் வந்தது. நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் 1999-இல் திறந்தது. பின்னதில் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. 2009-இல் 46 லட்சமாக இருந்த ஐலண்ட்ஸின் வருகை 2011-இல் சுமார் 77 லட்சமாக ஏறியது. பாட்டருக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்துப் பூங்காவும் 55 லட்சத்திலிருந்து 60 லட்சமாக வளர்ந்தது. மந்திரவாதிப் பள்ளியைப் பார்க்க வந்த கூட்டத்தின் ஒரு பகுதி பக்கத்து வாசலுக்குள்ளும் நுழைந்தது என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

அடுத்த கட்டத்தை யுனிவர்சல் வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்தது. 2014 ஜூலையில் திறந்த டயகன் ஆலி என்ற இரண்டாவது பாட்டர் பகுதியை ஐலண்ட்ஸில் கட்டவில்லை. பழைய ஸ்டூடியோஸ் பூங்காவில் கட்டியது. இரண்டையும் ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் இணைத்தது. அந்த ரயிலில் ஏற வேண்டுமானால் இரண்டு பூங்காக்களுக்கும் செல்லும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். கதையில் லண்டனிலிருந்து பள்ளிக்குப் போகும் பயணம், வணிகத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போகும் பயணமாக ஆனது. அந்த ஆண்டு ஸ்டூடியோஸின் வருகை 70 லட்சத்திலிருந்து 82 லட்சத்தைத் தாண்டியது. ஐலண்ட்ஸ் 81 லட்சத்திலேயே நின்றது, குறையவில்லை. ஒன்றின் ஆதாயம் மற்றதன் இழப்பாகாமல் இரண்டு பூங்காக்களையும் ஒரு கதையால் தைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேறில்லை.

தோக்கியோவில் கதை வேறு. அங்குள்ள பூங்காக்களின் உரிமையாளர் டிஸ்னி அல்ல; உரிமத்தின் பேரில் நடத்தும் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். தோக்கியோ டிஸ்னிலாந்து 1983-இல் வந்தது, தோக்கியோ டிஸ்னிசீ 2001 செப்டம்பரில். ஒரு பூங்கா மட்டும் இருந்த 2000-ஆம் நிதியாண்டில் 1.73 கோடியாக இருந்த மொத்த வருகை, இரண்டும் முழு ஆண்டு இயங்கிய 2002-ஆம் நிதியாண்டில் 2.48 கோடியானது. மூத்த பூங்கா தன் கூட்டத்தில் கணிசமான பகுதியைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தது உண்மை. ஆயினும் டிஸ்னிசீ அக்காவின் நகலாக இல்லை. கடற்பயணம், பழைய துறைமுகங்கள், எரிமலை என்று வளர்ந்தவர்களின் ரசனைக்கு ஏற்றதாக அது அமைந்தது. டிஸ்னிலாந்தில் அப்போது கிடைக்காத மதுபானம் அங்கே முதல் நாளிலிருந்தே விற்கப்பட்டது. குழந்தையுடன் ஒரு முறை வந்தவர் துணையுடன் இன்னொரு முறை வர அது வழி செய்தது.

அதே 2001-இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னி எதிர்ப்பாடம் படித்தது. பழைய டிஸ்னிலாந்தின் கார் நிறுத்துமிடத்தில், வாசலுக்கு எதிர்வாசலாக, கலிஃபோர்னியா அட்வென்ச்சர் எழுந்தது. டிக்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றே. ஒரே விலையில், கூப்பிடு தூரத்தில், 1955 முதல் மூன்று தலைமுறைகளின் நினைவில் ஊறிய பூங்கா ஒரு பக்கம். சவாரிகள் குறைந்த, கலிஃபோர்னியர்களுக்கே கலிஃபோர்னியாவைக் காட்ட முயன்ற புதிய பூங்கா மறுபக்கம். முதல் ஆண்டில் புதியதற்கு வந்தவர்கள் சுமார் 50 லட்சம், பழையதற்கு 1.2 கோடிக்கு மேல். ஒரு நாள் மட்டும் கையில் இருப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை இரண்டு வாசல்களுக்கும் நடுவிலிருந்த சதுக்கம் தினமும் காலையில் வாக்கெடுப்பாகவே நடத்திக் காட்டியது. 2007-இல் அறிவித்துச் சுமார் 110 கோடி டாலர் செலவில் பூங்காவைத் திருத்தியமைத்து, 2012-இல் கார்ஸ் லேண்ட் என்ற புதிய பகுதியைத் திறந்த பிறகே அதற்குச் சொந்தக் கால் கிடைத்தது. அடுத்தடுத்த வாசல்களைக் கொண்ட பூங்காக்களில் இளையது மூத்ததற்கு நிகராக இருக்க வேண்டும், அல்லது முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது அண்மையே அதற்குப் பகையாகிறது.

வேறாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு லண்டனின் தென்மேற்கே நல்ல உதாரணம் இருக்கிறது. செசிங்டன் 1931-இல் மிருகக்காட்சிசாலையாகத் தொடங்கி, டுசாட்ஸ் குழுமத்தின் கையில் 1987-இல் கேளிக்கைப் பூங்காவானது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் தோர்ப் பார்க், 1979 முதல் வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. அதுவரை இரண்டுமே குடும்பங்களை நம்பிய பூங்காக்கள். தோர்ப் பார்க்கில் ஒரு பண்ணைகூட இருந்தது. 1998-இல் தோர்ப் பார்க்கையும் டுசாட்ஸ் வாங்கியது. ஒரே லண்டன் குடும்பத்தின் ஒரே ஞாயிற்றுக்கிழமையைத் தன் இரண்டு பூங்காக்களும் இழுத்துக்கொண்டிருந்தால் உரிமையாளருக்கு நட்டம். ஆகவே பாகப்பிரிவினை நடந்தது. 2002-இல் பத்து தலைகீழ்ச் சுழற்சிகள் கொண்ட கொலோசஸ் தோர்ப் பார்க்குக்கு வந்தது. அத்தனை சுழற்சிகள் கொண்ட ரோலர் கோஸ்டர் உலகில் அதுவே முதல். 2003-இல் நெமிசிஸ் இன்ஃபெர்னோ, 2009-இல் திகில் படத்தை வைத்து அமைத்த சா, 2024-இல் ஹைப்பீரியா. பதின்பருவத்தினர் தோர்ப் பார்க்கின் பங்கு. விலங்குகளும் சிறுவர் சவாரிகளும் செசிங்டனின் பங்கு. 1999-இல் செசிங்டனுக்கு வந்த சாமுராய் என்ற முரட்டுச் சவாரியைப் பிடுங்கி, 2004-இல் தோர்ப் பார்க்கில் நட்டார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சாமான் பிரித்துக் கொடுப்பதுபோல் ஒரு பூங்காவின் சவாரியை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது, இரண்டும் ஒரே கையில் இருந்தால்தான் இயலும்.

2007-இல் டுசாட்ஸை மெர்லின் நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொண்டது. மெர்லினிடம் ஏற்கெனவே விண்ட்சர் லெகோலாண்டு இருந்தது. அதன் வாடிக்கையாளர்கள் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள். ஆக, லண்டனைச் சுற்றிய மூன்று பூங்காக்கள் மூன்று வெவ்வேறு வயதுக் குழுவினருக்கு என்று ஆயின. ஒரு குழந்தை லெகோலாண்டில் தொடங்கி, செசிங்டன் வழியே தோர்ப் பார்க்குக்கு வளர்ந்து போகும் பாதை இது. ஒரே வருடாந்திர பாஸ் மூன்றுக்கும் செல்லும்.

தூரம் இன்னும் கூடும்போது என்ன நடக்கும் என்பதை ஓஹாயோ மாநிலம் காட்டுகிறது. ஆழ்ந்து பார்க்கத் தகுந்த களம் இது. வடக்கே ஈரி ஏரிக் கரையில் சீடர் பாயிண்ட், 1870-இல் ஏரியில் குளிக்கும் இடமாகத் தொடங்கியது. தெற்கே சின்சினாட்டி அருகே கிங்ஸ் ஐலண்டு, 1972-இல் திறந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் மாநிலத் தலைநகர் கொலம்பஸ். கிளீவ்லாந்துக்காரர் சீடர் பாயிண்ட்டுக்குப் போவார், சின்சினாட்டிக்காரர் கிங்ஸ் ஐலண்டுக்குப் போவார். கொலம்பஸ்காரர்தான் இரு பக்கமும் பார்த்து முடிவெடுப்பவர்.

2006 வரை இவை தனித்தனி உரிமையாளர்களின் பூங்காக்கள், அசல் போட்டியாளர்கள். கிங்ஸ் ஐலண்டு 1979-இல் தி பீஸ்ட் என்ற உலகின் மிக நீளமான மரக் கோஸ்டரைக் கட்டியது. சீடர் பாயிண்ட் 1989-இல் மேக்னம் கோஸ்டரை 200 அடிக்கு மேல் உயர்த்தியது. போட்டி உச்சத்தைத் தொட்டது 2000 மே மாதத்தில். சீடர் பாயிண்ட் 310 அடி உயர மில்லேனியம் ஃபோர்ஸைத் திறந்தது. இரண்டு வாரத்துக்குள் கிங்ஸ் ஐலண்டு சன் ஆஃப் பீஸ்ட் என்ற, தலைகீழ் வளையம் கொண்ட பிரம்மாண்ட மரக் கோஸ்டரைத் திறந்தது. கொலம்பஸ் குடும்பத்தின் அந்தக் கோடைக்கால ஒரு நாளுக்காக ஒரே மாதத்தில் இரண்டு பூங்காக்கள் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டின.

2006-இல் சீடர் பாயிண்ட்டின் உரிமையாளரான சீடர் ஃபேர், பாரமவுண்ட் பூங்காக்கள் ஐந்தையும் 124 கோடி டாலருக்கு வாங்கியது. கிங்ஸ் ஐலண்டு அவற்றில் ஒன்று. அதன் பிறகு பெரிய கோஸ்டர்கள் திறந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தாளகதி தெரிகிறது. 2009-இல் டயமண்ட்பேக், கிங்ஸ் ஐலண்டு. 2013-இல் கேட்கீப்பர், சீடர் பாயிண்ட். 2014-இல் பான்ஷீ, கிங்ஸ் ஐலண்டு. 2016-இல் வால்ரேவன், சீடர் பாயிண்ட். 2017-இல் மிஸ்டிக் டிம்பர்ஸ், கிங்ஸ் ஐலண்டு. 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ், சீடர் பாயிண்ட். 2020-இல் ஓரியன், கிங்ஸ் ஐலண்டு. 2000-இல் மோதிக்கொண்ட இரு பூங்காக்கள், ஒரே வீட்டுக்கு வந்த பிறகு முறைவைத்து வாங்கிக்கொண்டன. நடுவில் நிற்கும் கொலம்பஸ்காரருக்கு ஓர் ஆண்டு தெற்கே போகக் காரணம், மறு ஆண்டு வடக்கே போகக் காரணம். இரண்டு பூங்காக்களிலும் செல்லுபடியான பிளாட்டினம் சீசன் பாஸ் வைத்திருந்தவருக்கோ எந்த ஆண்டும் வீணாகவில்லை. ஓரியனின் சரிவு 300 அடி. அதன் கட்டுமான உயரம் 287 அடியில் நின்றது. சீடர் பாயிண்ட்டில் மில்லேனியம் ஃபோர்ஸின் 310 அடிப் பெருமை அப்படியே இருந்தது.

எல்லாச் சாதனைகளும் இப்படிக் காப்பாற்றப்பட்டன என்று சொல்ல முடியாது. செங்குத்தாக விழும் டைவ் வகைக் கோஸ்டர்களில் உயரம், வேகம், நீளம் மூன்றிலும் முதலிடம் என்று 2016-இல் வால்ரேவன் கொண்டாடப்பட்டது. மூன்றே ஆண்டில், 2019-இல், டொராண்டோ அருகிலுள்ள கனடாஸ் வொண்டர்லாந்தில் வந்த யூகான் ஸ்டிரைக்கர் வேகத்திலும் நீளத்திலும் விழும் ஆழத்திலும் அதை முந்தியது. அதுவும் சீடர் ஃபேர் பூங்காவே. ஏரிக்கு அந்தப் பக்கத்து, வேறு நாட்டுக் கூட்டத்துக்காக உள்ளூர்ப் பெருமை ஒன்றை விட்டுக்கொடுப்பதில் உரிமையாளருக்கு இழப்பில்லை. தூரம் கூடக்கூட நாளுக்கான போட்டி மங்கி, முதலுக்கான வரிசை மட்டும் மிஞ்சுகிறது.

ஓஹாயோவில் மூன்றாவது பூங்கா ஒன்றும் இருந்தது. அதன் முடிவு இன்றும் அப்பகுதி மக்களுக்கு ஆறாத வருத்தம். கிளீவ்லாந்துக்கு அருகே ஜியாகா லேக், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய பூங்கா. ஏரியின் எதிர்க்கரையில் 1970-இல் கடல்விலங்குப் பூங்காவான சீ வேர்ல்டு வந்தது. இரண்டையும் பல பூங்காக்களை நடத்திய சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2001-இல் ஒன்றாக்கியபோது 27 லட்சம் பேர் வந்தனர். கடன் சுமையில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2004-இல் அதை 14.5 கோடி டாலருக்கு சீடர் ஃபேரிடம் விற்றது. சீடர் பாயிண்ட்டிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கிளீவ்லாந்து இரண்டுக்கும் பொதுச் சந்தை. கடல்விலங்குகள் பழைய உரிமையாளரோடு போயின. அந்தக் கரையில் நீர்ப்பூங்கா வந்தது. வருகை 7 லட்சம் அளவுக்குச் சரிந்தது. 2007 செப்டம்பரில், பருவம் முடிந்த சில நாட்களில், கேளிக்கைப் பகுதி இனித் திறக்காது என்று அறிவிப்பு வந்தது.

போட்டியாளரை வாங்கிக் கொன்றார்கள் என்பது ரசிகர்களிடையே நிலைத்த குற்றச்சாட்டு. வருகை எதிர்பார்த்த அளவு இல்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். கொல்வது மட்டுமே நோக்கமாயிருந்தால் நீர்ப்பூங்காவில் புதிதாகப் பணம் போட்டிருக்க வேண்டியதில்லை என்பதால் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க இயலாது. ஆனாலும் அதற்குள் ஒரு உண்மைக்கூறு இருக்கிறது. தனி உரிமையாளர் ஒருவருக்கு ஜியாகா லேக்கை மூடினால் அந்தக் கூட்டம் முழுவதும் போய்விடும். கடைசிவரை போராடித்தான் ஆகவேண்டும். சீடர் ஃபேருக்கோ மூடினாலும் ஒரு பகுதிக் கூட்டம் சீடர் பாயிண்ட்டுக்கு வரும் என்ற ஆறுதல் இருந்தது. பலவீனமான பூங்காவைத் தாங்கிப் பிடிக்கும் பொறுமையை இந்த ஆறுதல் குறைத்துவிடுகிறது. அங்கிருந்த கோஸ்டர்களில் பல வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனுக்கும், மிச்சிகனுக்கும், கரோலினாவுக்கும், பென்சில்வேனியாவுக்கும், கிங்ஸ் ஐலண்டுக்கும் பிரிந்து போயின. ஒன்றுகூட சீடர் பாயிண்ட்டுக்குப் போகவில்லை. 1925-இல் கட்டிய பிக் டிப்பர் அங்கேயே விடப்பட்டு, 2016-இல் இடிக்கப்படும் வரை புதர் மண்டி நின்றது.

இந்தியாவில் வொண்டர்லா நிறுவனமோ தன் பூங்காக்களுக்கு இடையே இடைவெளி விட்டே வளர்ந்திருக்கிறது. 2000-இல் கொச்சி, 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஐதராபாத், 2024-இல் புவனேசுவரம், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதி. முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியவை, ஒவ்வொன்றுக்கும் தனி மொழி, தனிப் பள்ளிச் சுற்றுலாக்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே மட்டும் தூரம் 350 கிலோமீட்டர் அளவு. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் குடும்பங்கள்தான் இங்கே கொலம்பஸ்காரர்கள்.

மீண்டும் அமெரிக்காவுக்கு வந்தால், 2024 ஜூலை 1 அன்று சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒரே நிறுவனமாயின. 27 கேளிக்கைப் பூங்காக்கள், 15 நீர்ப்பூங்காக்கள். அமெரிக்க நீதித்துறை கூடுதல் விவரங்கள் கேட்டு ஆராய்ந்த பிறகே இது நடந்தது. உடன்பிறப்பாக்கப்பட்ட பூங்காக்கள் போட்டியை விட்டுவிடும் என்ற அச்சமே அத்தகைய ஆய்வின் அடிப்படை. உலகிலேயே அதிகக் கோஸ்டர்கள் யாரிடம் என்று ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனும் சீடர் பாயிண்ட்டும் ஒரே குடையின் கீழ் வந்தன. ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றுக்கு நாளுக்கான போட்டி எப்போதுமே இல்லை. இனி முதலுக்கான வரிசையில் மட்டும் அவை சந்திக்கும். மேஜிக் மவுண்டனும் அதே குடையின் கீழ் வந்த நாட்ஸ் பெர்ரி ஃபார்மும் அப்படியல்ல. இரண்டும் லாஸ் ஏஞ்சலிஸ் மக்களையே நம்பியவை. வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்காவும் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனும் அதுபோலவே ஒரே மக்களை நம்பியிருந்தன.

அந்த இரண்டில் ஒன்று இப்போது இல்லை. சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா 2025 நவம்பர் 2 அன்று கடைசியாக இயங்கி மூடப்பட்டது. தன் நீண்டகாலத் திட்டத்துக்கு அது பொருந்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சுமார் 500 ஏக்கர் நிலம் விற்பனைக்கு வைக்கப்பட்டது. ஜியாகா லேக்கில் கண்ட அதே கணக்கு இங்கும் பொருந்தும், அதன் ஓட்டையும் சேர்த்தே. மூடிய பூங்காவின் கூட்டம் உடன்பிறந்த பூங்காவுக்குத்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மேரிலாந்துக் குடும்பத்துக்கு இப்போது மூன்று சாலைகள் இருக்கின்றன: தெற்கே கிங்ஸ் டொமினியன், அதையும் தாண்டி வில்லியம்ஸ்பர்க்கின் புஷ் கார்டன்ஸ், வடக்கே பென்சில்வேனியாவின் ஹெர்ஷி பார்க். அவற்றில் ஒன்று மட்டுமே பழைய உரிமையாளருடையது.